திமில், நரிக்காது, எலிக்கால்: இந்தக் கற்பனைப் பாலைவன விலங்கு பிழைக்குமா?

மணற்கோடு:

வணக்கம். படக்கதை ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன், கதை முழுக்க ஒரு கற்பனைப் பாலைவனத்தில் நடக்கிறது. அதில் வரும் முக்கியமான விலங்கை நானே உருவாக்க வேண்டும் என்று ஆசை. ஒட்டகத்தையோ நரியையோ அப்படியே போட்டால் சப்பென்று இருக்கும். பெயர் மணலோரி.

இப்போதைக்கு மனதில் இருப்பது இது. நின்றால் மனிதனின் இடுப்பளவு உயரம். முதுகில் சின்னதாக ஒரு ஒட்டகத் திமில். சஹாராவின் குட்டி நரியான ஃபென்னெக் நரிக்கு இருப்பது போலத் தலையைவிடப் பெரிதாகத் தெரியும் காதுகள். பின்னங்கால் வட அமெரிக்கப் பாலைவனத்தின் கங்காரு எலியுடையது, தாவித் தாவித்தான் போகும். முதுகுத்தோலில் ஆஸ்திரேலியாவின் முள் பல்லிக்கு இருக்கும் செதில்கள், பனித்துளி பட்டால் தோல் வழியாகவே வாய்க்குப் போய்விடும், அதனால் தண்ணீர் தேடி அலையவே அலையாது. கூட்டமாக வாழும், இறைச்சி தின்னும், பகலில் திரியும். (இரவுக் காட்சியாகவே வரைந்தால் பக்கம் முழுக்கக் கறுப்பாகிவிடுகிறது, பகலுக்கு உண்மையான காரணம் அதுதான்.)

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பகலில் 45 டிகிரிக்கு மேல் போகும், வருடத்துக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது, ஒரு பக்கம் கடல் என்பதால் விடியற்காலையில் மூடுபனி உள்ளே வரும்.

உயிரியல் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்களா? திமிலால் உண்மையில் பயன் உண்டா? அப்புறம், இது இரண்டு மூன்று விலங்குகள் கலந்து பிறந்த இனம் என்று கதையில் சொல்லலாமா?

எலும்புக்கூடு:

சிரிப்பு வரவில்லை, ஆனால் நீங்கள் எடுத்திருக்கும் உறுப்புகள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விலங்கின் உடம்பளவுக்கும் வாழ்க்கை முறைக்கும் பொருந்தி வந்தது, கழற்றி எடுத்து வேறொன்றில் மாட்டினால் பெரும்பாலும் வேலை செய்யாது. அதனால் முதலில் உடம்பு எவ்வளவு பெரிது என்று முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

டம்ளரில் இருக்கும் வெந்நீர் அண்டாவில் இருப்பதைவிடச் சீக்கிரம் ஆறுகிறது அல்லவா, வெயிலில் சூடாவதிலும் அதே கணக்குதான். எடையோடு ஒப்பிட்டால் சிறிய உடம்புக்குத் தோல்பரப்பு அதிகம், எனவே வெயிலில் நின்றால் சீக்கிரம் கொதித்துவிடும். வியர்த்துக் குளிரலாம் என்றால் அந்த அளவு நீர் அதன் உடம்பிலேயே கிடையாது. கங்காரு எலி தண்ணீர் குடிக்காமல் வாழ்வதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அது பகல் முழுக்க வளைக்குள் கிடப்பதை யாரும் சொல்வதில்லை. பாதி ரகசியம் அங்கேதான் இருக்கிறது. வளையில் அதன் மூச்சின் ஈரமே தங்கிவிடும், சேர்த்துவைத்த விதைகள் அந்த ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், விதையைத் தின்னும்போது அது திரும்ப உடம்புக்கே வந்துவிடும். வெளியே விடும் மூச்சும் மூக்குக்குள்ளேயே குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போகும்.

ஒட்டகம் இதற்கு நேர் எதிர். அதற்கு ஒளிய இடம் கிடையாது, ஆனால் அவ்வளவு பெரிய உடம்பு சூடாக நேரமாகும். தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் உடல் வெப்பத்தை 34 டிகிரியிலிருந்து 40ஐத் தாண்டும்வரை ஏறவிட்டுவிடும், வியர்வையை மிச்சப்படுத்தும், பகலில் சேர்ந்த சூட்டை இரவுக் குளிரில் சும்மாவே கழித்துவிடும். 1950களில் க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்ற விலங்கு உடலியல் ஆய்வாளர் சஹாராவில் ஒட்டகங்களை வைத்து இதையெல்லாம் அளந்தார். ரோமத்தை மழித்த ஒட்டகம், மழிக்காததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீரை வியர்வையில் இழந்தது என்பதையும் அவர் காட்டினார். ரோமம் வெயிலைத் தடுக்கும் கூரை. நீங்களோ மணலோரியின் முதுகில் அதை எடுத்துவிட்டுச் செதிலை வைக்கிறீர்கள், வெயில் நேராக விழும் இடமே அதுதான்.

இடுப்பளவு உயரம் என்றால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அந்த அளவிலும் பாலைவனத்தில் விலங்குகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. அரேபிய மணல்மான் வறட்சிக் காலத்தில் தன் ஈரலையும் இதயத்தையுமே சுருக்கிக்கொள்கிறது. உறுப்பு சிறுத்தால் ஆக்சிஜன் தேவை குறையும், மூச்சு குறையும், மூச்சோடு போகும் ஈரமும் குறையும். ஆனால் அது இலை தழை தின்பது. அதே அளவில் இறைச்சி தின்பதும் பகல் வெயிலில் தாவித் தாவி இரை பிடிப்பதும் என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

திமில்: அது தண்ணீர்த் தொட்டி அல்ல, கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே நீர் உண்டாகும் என்பது உண்மைதான், ஆனால் அதை எரிக்க வேண்டிய ஆக்சிஜனுக்காக வறண்ட காற்றை இழுத்து விடும்போது அந்த நீர் மூச்சோடு போய்விடும். திமிலின் லாபம் வேறு. கொழுப்பு முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதால் மற்ற இடங்களில் தோல் மெலிதாக இருந்து சூட்டை வெளியேற்ற முடிகிறது. சின்ன விலங்குகள் இதையே வாலில் செய்கின்றன. கிலா பல்லியின் வாலைப் பாருங்கள், சஹாராவின் கொழுத்தவால் ஜெர்பில் என்ற எலியின் வாலைப் பாருங்கள். வரைபவருக்கு வால் இன்னும் வசதி: பஞ்சமா செழிப்பா என்பதை வாலின் பருமனை வைத்தே காட்டிவிடலாம்.

வெயிலான்:

காதைப் பற்றி நான் சொல்கிறேன். காது சூட்டை வெளியேற்ற வேண்டுமென்றால் சுற்றியுள்ள காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உங்கள் பாலைவனத்தில் பகல் வெப்பம் 45க்கு மேல். அந்தக் காற்றில் ரத்தம் நிறைந்த பெரிய காதை விரித்துவைத்தால் சூடு உள்ளேதான் வரும். ஃபென்னெக் நரி இரவில் திரிவது, காற்று குளிர்ந்த பிறகு காது உதவுகிறது, மணலுக்குள் ஊரும் பூச்சியின் சத்தத்தைக் கேட்கவும் உதவுகிறது. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால்தான் அது மூச்சிரைக்கவே தொடங்கும், தொடங்கிவிட்டால் நிமிடத்துக்கு 600 மூச்சுக்கு மேல் போகும். 20க்குக் கீழே இறங்கினால் நடுங்கும்! அந்த அளவுக்கு அந்த இடத்துக்கென்றே ஆன உடம்பு.

பகலில்தான் வரைய வேண்டும் என்றால் விடியலையும் அந்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணத்துக்கும் அது நல்ல நேரம். உச்சி வெயிலில் நிழலே விழாது, வரையவும் ஒன்றும் இருக்காது.

பகல்கனவு:

மூடுபனி வரும் என்று சொன்னதை யாரும் கவனிக்கவில்லையே, இதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

நமீப் பாலைவனத்தில் ஒரு வண்டு இருக்கிறது. மூடுபனி வரும் விடியலில் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, காற்று வரும் பக்கம் பார்த்து, தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தி நிற்கும். முதுகில் பனி துளித்துளியாகச் சேர்ந்து சரிந்து வாய்க்கு வரும். ஒரே காலையில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட அப்படிக் குடித்திருக்கிறது. இதை நரி அளவுக்குப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பதுதான் சிக்கல். பனி பிடிப்பது உடம்பின் பரப்பைப் பொறுத்தது, தாகம் உடம்பின் எடையைப் பொறுத்தது. நீளத்தைப் பத்து மடங்கு ஆக்கினால் பரப்பு நூறு மடங்கு, எடை ஆயிரம் மடங்கு. வண்டுக்கு வயிறு நிறையக் கிடைத்தது உங்கள் மணலோரிக்கு நாக்கை நனைக்கத்தான் காணும்.

முள் பல்லியும் அதே மாதிரி. செதில்களுக்கு நடுவே நுண்ணிய வாய்க்கால்கள் ஓடுகின்றன, ஈர மணலில் நின்றாலே அந்த வாய்க்கால் வழியாக நீர் கடைவாய் வரை ஏறும். ஆனால் அது உள்ளங்கையில் அடங்கும் பல்லி, ரோமம் கிடையாது, உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்குவதும் இல்லை, அதனால் செலவு மிகக் குறைவு. பாலூட்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

இறைச்சி தின்பதில் பெரிய சிக்கல் இல்லை. இரையின் உடம்பில் பாதிக்கு மேல் நீர்தான். ஆனால் புரதம் செரித்தால் யூரியா என்ற கழிவு வரும், அதை வெளியேற்ற நீர் வேண்டும், எனவே சிறுநீரை நன்றாகக் கெட்டியாக்கும் சிறுநீரகம் கட்டாயம் தேவை. ஃபென்னெக் நரிக்கு அது இருக்கிறது. பூச்சி, பல்லி, கிழங்கு, பழம் என்று கிடைத்ததைத் தின்று தண்ணீர் குடிக்காமலே ஓட்டிவிடும்.

இன்னொன்று, இது உங்கள் கதைக்கே உதவலாம். கல்கௌதாரியில் ஆண் பறவை நீர்நிலைக்குப் போய் வயிற்றை நீரில் அமிழ்த்தி உட்காரும். வயிற்று இறகின் இழைகள் சுருண்டிருக்கும், நனைந்ததும் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். சுமார் 25 மில்லி நீரைச் சுமந்துகொண்டு இருபது முப்பது கிலோமீட்டர்கூடப் பறந்து வந்து நிற்கும், குஞ்சுகள் வயிற்றுக்கு அடியில் நுழைந்து இறகைச் சப்பிக் குடிக்கும். இதே வேலையை மணலோரியின் வயிற்று ரோமத்துக்குக் கொடுங்களேன். முதுகை விட்டுவிடுங்கள், அது வெயிலுக்கு.

ஒன்பதாம்_விரல்:

கலப்பினம் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒட்டகமும் நரியும் சேர்ந்து குட்டி போடாது, அதில் பேச ஒன்றும் இல்லை, வரிசையே வேறு, பிரிந்து பல கோடி வருடங்கள் ஆகின்றன. மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் கலப்பது கடினம். நரிக்குள்ளேயே பாருங்கள், ஃபென்னெக் நரிக்கு 64 குரோமோசோம்கள், செந்நரிக்கு 34தான். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63, அதுவே பெரும்பாலும் மலடு.

ஆனால் ஒட்டகத்தை வைத்து நிஜமாகவே ஒரு கலப்பினம் உண்டு, பெயர் காமா. ஆண் ஒட்டகத்தின் விந்தை எடுத்துப் தென் அமெரிக்காவில் வாழும் ஒட்டகத்தின் உறவான லாமாவில் ஒரு பெண்ணுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்து 1998இல் துபாயில் முதல் குட்டி பிறந்தது. இரண்டுக்கும் 74 குரோமோசோம்கள் என்பதால் அது முடிந்தது. லாமாவைவிட ஒட்டகம் ஆறு மடங்கு வரை கனம், இயல்பாகச் சேர வாய்ப்பே இல்லை. பிறந்த குட்டிக்குத் திமில் இல்லை. காது ஒட்டகத்துக்கு இருப்பது போலச் சின்னது, உடம்பளவு நடுவில் எங்கேயோ நின்றது. ஒட்டகத்தின் பலத்தையும் லாமாவின் ரோமத்தையும் குணத்தையும் ஒன்றாகப் பெறலாம் என்றுதான் தொடங்கினார்கள், முதல் குட்டி முரட்டுக் குணத்தோடு வளர்ந்தது என்று சொல்கிறார்கள். கலப்பினம் என்றால் இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு கால் என்று பொறுக்கி எடுக்க முடியாது. எது வரும், எது வராது என்பது நம் கையில் இல்லை.

என்னைக் கேட்டால் கலப்பினம் என்ற வார்த்தையையே கதையிலிருந்து எடுத்துவிடுங்கள், அது ஒரே இனமாக இருக்கட்டும். ஒரே மாதிரி வெயில், ஒரே மாதிரி மணல் என்றால் உறவே இல்லாத விலங்குகளும் ஒரே சாயலுக்கு வந்து சேரும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ஜெர்போவா என்ற தாவும் எலியையும் வட அமெரிக்கக் கங்காரு எலியையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்பீர்கள், நெருங்கிய உறவே கிடையாது. பார்ப்பவருக்கு மணலோரி நரியும் எலியும் கலந்ததாகத் தெரியட்டும், அது போதும். இல்லை, புராணக் கதை மாதிரிதான் சொல்லப் போகிறேன் என்றால் யாளியிடம் யாரும் குரோமோசோம் கேட்டதில்லை, தாராளமாக எழுதுங்கள்.

சும்மா_ஒருவன்:

இவ்வளவு கணக்கு எதற்கு? படிக்கிறவன் சிறுநீரகத்தையா பார்க்கப் போகிறான். அது என்ன செய்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்பதைத்தான் பார்ப்பான். எல்லாத் திறமையும் இருக்கிற விலங்கால் கதைக்கு ஒரு உபயோகமும் இல்லை, ஏதாவது ஒன்று அதற்கு முடியாமல் இருக்க வேண்டும்.

எலும்புக்கூடு:

@சும்மா_ஒருவன் அந்த முடியாமை எங்கிருந்து வரும் என்பதற்குத்தான் கணக்கு. பெரிய காது வைத்தால் உச்சி வெயிலில் வெளியே வர முடியாது. வாலில் கொழுப்பு வைத்தால் வேகமாக ஓட முடியாது. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விலை இருக்கிறது, கதை அந்த விலையில்தான் கிடைக்கும்.

மணற்கோடு:

எல்லோருக்கும் நன்றி, நினைத்ததைவிட அதிகமாகவே கிடைத்தது. உட்கார்ந்து மறுபடி வரைந்தேன். இப்போது மணலோரி இப்படி இருக்கிறது:

எடை மூன்று நான்கு கிலோ, நரியைவிடக் குட்டை. முதுகில் வெளிறிய மணல் நிறத்தில் அடர்ந்த ரோமம், வயிற்றில் சுருண்ட நீண்ட ரோமம். காது பெரிதுதான், ஆனால் வளைக்குள் இருக்கும்போது பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், வெளியே வந்து காற்று குளிர்ந்ததும் மெல்ல விரியும், அப்போது உள்பக்கம் ரத்தக்குழாய்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும் (அந்தி வெளிச்சம் பின்னாலிருந்து வருகிற மாதிரி ஒரு கட்டம் வரைந்திருக்கிறேன், எனக்கே பிடித்திருக்கிறது). திமில் போய் வால் வந்துவிட்டது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் வால் கிழங்கு மாதிரி தடித்திருக்கும், கோடையின் கடைசியில் எலும்பின் கணுக்கள் தெரியும். மூடுபனி நாளில் ஆண் மணலோரி கடலோரப் பாறைகளுக்குப் போய், இடுக்குகளில் சேர்ந்திருக்கும் பனிநீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வளையில் இருக்கும் குட்டிகளுக்குக் கொண்டுவரும்.

தாவிப் போவதை மட்டும் விட மனசில்லை. ஓட்டத்தைவிடத் தாவல் பார்க்க அழகு. அதை வைத்துக்கொள்ளலாமா?

பகல்கனவு:

அந்த மடியும் காது ரொம்ப நன்றாக வந்திருக்கிறது.

தாவலுக்கு வருகிறேன். ஜெர்போவா தாவவும் செய்கிறது, வளையும் தோண்டுகிறது, அதனால் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் உங்கள் மணலோரி வயிற்றில் நீரைச் சுமக்கிறதே! ஒவ்வொரு தாவலுக்கும் வயிறு குலுங்கும், தரையில் இறங்கும்போதெல்லாம் பாதி நீர் தெறித்துவிடும். கல்கௌதாரியே வழியில் கணிசமான நீரைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. நீர் கொண்டுவரும்போது நான்கு காலையும் ஊன்றி, வயிற்றைத் தரையில் உரசாமல் ஒரே சீராக நடக்கட்டும். மற்ற நேரத்தில், முக்கியமாக ஏதாவது துரத்தும்போது, தாவட்டும். தூக்கிக்கொண்டு வந்த நீரைத் தக்கவைப்பதா, தாவித் தப்புவதா என்று அதற்கே ஒரு சிக்கல் வரும், மேலே ஒருவர் கேட்ட முடியாமை அதுதான். பாதத்தின் அடியில் ரோமம் வைக்க மறக்காதீர்கள், ஃபென்னெக் நரிக்கு உண்டு, சுடுமணலும் சுடாது, காலும் புதையாது.

ஒன்பதாம்_விரல்:

ஒரு இடம் உதைக்கிறது. பாலூட்டிதானே? அப்படியென்றால் குட்டிக்குத் தாய்ப்பால் இருக்கிறது, அப்பா எதற்கு நீர் சுமக்க வேண்டும்? கல்கௌதாரிக் குஞ்சு காய்ந்த விதையைத் தின்கிறது, அதற்குப் பால் கிடையாது, அதனால்தான் அந்த ஏற்பாடே.

நீரைத் தாய்க்குக் கொண்டுவரட்டும். பாலைவனத்தில் உடம்பு நீரை அதிகமாக இழக்கும் காலம் பாலூட்டும் காலம்தான். ஒட்டகம் தாகத்தில் இருக்கும்போதுகூடப் பாலைக் கெட்டியாக்குவதில்லை, குட்டிக்காக இன்னும் நீர்த்த பாலைக் கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் காட்டு நாயான டிங்கோவிலும் கங்காருவிலும் தாய் தன் குட்டியின் சிறுநீரை நக்கிக் குடித்து, பாலாகக் கொடுத்த நீரில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இதைப் படக்கதையில் வரைவீர்களா என்று தெரியாது, ஆனால் வளைக்குள் அதுதான் நடக்கும்.

மணற்கோடு:

வரைவேன், ஆனால் பின்னணியில், சின்னதாக.

தாய்க்கு நீர் என்பதே சரி. அப்படியென்றால் குட்டிகள் பால் மறந்து பூச்சி தின்னத் தொடங்கியதும் ஆண் போவதை நிறுத்திவிடும் அல்லவா? இரண்டாம் அத்தியாயத்தை அங்கே முடிக்கலாம் போலிருக்கிறது. நாளைக்குப் பக்க அமைப்பைப் போடுகிறேன், காதின் அளவை மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்கள், கொஞ்சம் முயல் மாதிரி ஆகிவிட்டதோ என்று சந்தேகம்.

வெயிலான்:

அனுப்புங்கள், பார்க்கிறேன். முயல் மாதிரி தெரிந்தால் நீளத்தைக் குறைக்காதீர்கள், அடிப்பக்கத்தை அகலமாக்குங்கள்.